துப்பறியும் நாவல்களும் நம் நூலக அலமாரியும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது, அது வரலாற்றுக் கட்டுரையாக இருத்தல் வேண்டுமென்றும் பணித்தார். சோழர் கடற்படையைப் பற்றியும் பல்லவர் சிற்பங்களைப் பற்றியும் எழுதக் கற்றறிந்த பெரியோர் நம்மிடையே உளர். நானோ பத்தாம் வகுப்புத் தேறிய கையோடு, பணியிலிருக்கும்போதே மறைந்த தந்தையாரின் இடத்தில் இரயில்வேக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்து ரசீதுப் புத்தகங்களோடு காலந்தள்ளி வருபவன். கல்வெட்டுப் படிக்கத் தெரியாது. செப்பேட்டைக் கண்ணால் கண்டதில்லை. நான் ஓரளவு அறிந்த வரலாறு ஒன்றே. தமிழில் துப்பறியும் நாவல் பிறந்து வளர்ந்து, விஞ்ஞானக் கற்பனை வரை வந்து சேர்ந்த வரலாறே அது.

இஃது ஒரு சங்க மலருக்கு ஏற்ற பொருள்தானா என அன்பர்கள் ஐயுறக்கூடும். சென்ற ஆண்டு நம் நூலகத்திற்குப் புதிய அலமாரி வாங்கியதை அனைவரும் அறிவீர்கள். அதில் இடம் போதாமையால், தரமற்ற நூல்களை நீக்கிவிடுவதெனச் செயற்குழு முடிவு செய்தது. மூன்று சாக்கு நூல்கள் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போயின. அவற்றுள் பெரும்பாலானவை துப்பறியும் நாவல்கள், மாத நாவல்கள், பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள். அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். தீர்மானத்திற்கு ஆதரவாக நானும் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அந்நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

தமிழின் முதல் நாவல் எதுவென்று கேட்டால் பள்ளிச் சிறுவரும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்பர். அது வெளிவந்த ஆண்டு 1879. அடுத்து ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இலும், அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இலும் நூலாயின என்று பாடநூல்கள் வரிசைப்படுத்தும். இவ்வரிசையின் இடையே சொல்லாமல் விடப்படும் நூல் ஒன்றுண்டு. 1894இல் பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கதைகளாக எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதல் தோன்றியது 1887இல். ஏழே ஆண்டுகளில் நம் மொழியிலும் ஒரு துப்பறிவோன் தோன்றிவிட்டான். இதை எழுதியவரும் சாமானியர் அல்லர். தென்னாட்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி அச்சேற்றியவர். வடமொழி நூல்கள் சிலவற்றைத் தமிழில் தந்தவர். அத்தகைய பண்டிதருக்கு ஒரு போலீஸ்காரனின் கதையை எழுதுவதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வெட்கம் பின்னால் வந்தவர்களால் ஏற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகை நூல்கள் வெள்ளம்போல் பெருகின. இதற்கு ஊற்றுக்கண் இலண்டனில் இருந்தது. ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் என்பார் 1844 முதல் வாரம் ஒரு பென்னி விலையில் இலண்டன் மாநகரத்து இரகசியங்களை எழுதிக் குவித்தார். அவரைத் தம் நாட்டார் மறந்த பின்னரும் இந்தியர் மறக்கவில்லை. ஆங்கிலம் கற்ற நம்மவர் அவரை விரும்பிப் படித்தனர். ஆங்கிலம் கல்லாதவர்க்காகச் சிலர் தமிழில் தழுவி எழுதினர். அவ்வாறு எழுதியவர்களுள் முதன்மையானவர் ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆனந்தபோதினி’ என்னும் மாத இதழின் ஆசிரியராக இருந்து, பல பத்து நாவல்களை எழுதி அளித்தார்.

அடுத்து ஜே. ஆர். ரங்கராஜு. அவருடைய ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் என்னும் பாத்திரம் அதன் வாயிலாகத் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றான். நாடகமாக நடிக்கப்பெற்று, 1935இலும் 1951இலும் இருமுறை திரைப்படமும் ஆனது அக்கதை. அவரது ‘சந்திரகாந்தா’ மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படுத்துவது. அதுவும் 1936இல் படமாயிற்று. போலிச் சாமியாரைப் பற்றித் துணிந்து எழுத இன்றும் பலர் தயங்குவர். நூறாண்டுக்கு முன் ஒரு துப்பறியும் நாவலாசிரியர் அதைச் செய்தார் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1880இல் பிறந்து 1942இல் மறைந்தவர். அரசாங்கத்தில் தாசில்தாராக இருந்தவர் நாவலாசிரியரானார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘திகம்பர சாமியார்’ என்பன அவர் எழுதியவற்றுள் புகழ் பெற்றவை. அவருடைய திகம்பர சாமியார் கோவிந்தனைப் போன்றவரல்லர். பாதி துறவி, பாதி போலீஸ். மேனாட்டுத் துப்பறிவோனுக்குக் காவி கட்டி நம் தெருவில் நடமாட விட்டதுபோல இருக்கும். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸார் அதைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் பதினொரு வேடங்களில் தோன்றினார். ‘மேனகா’வோ நாத்தனார்மாரின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் கதை. டி. கே. எஸ். சகோதரர்கள் அதை மேடையில் நடித்து, 1935இல் திரைக்கும் கொண்டு வந்தனர். கதையில் கொலையும் களவும் ஒருபுறமிருக்க, மருமகளாய்ச் சென்ற வீட்டில் ஒரு பெண் படும் பாடு அதில் உண்டு. எங்கள் பாட்டியார் அந்நூலை எத்தனை முறை படித்தார் என்பதற்குக் கணக்கில்லை. கொலைகாரன் யார் என்பது முதல் முறையே தெரிந்துவிட்டது. பிறகும் ஏன் படித்தார் என்பதை நான் வளர்ந்த பின்னரே உணர்ந்தேன்.

பெண்கள் படித்தனர் என்றால் போதாது. ஒரு பெண் எழுதவும் செய்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. பள்ளிக்கூடம் சென்றதில்லை. தம் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். பின்னர் எழுதப் பழகி, 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் இதழைத் தாமே ஏற்று நடத்தி, தம் ‘வைதேகி’ நாவலை அதில் தொடராக வெளியிட்டார். விடுதலைப் போரில் ஈடுபட்டு 1932இல் சிறை சென்றார். 1960இல் மறைவதற்குள் அவர் எழுதிய நாவல்கள் 115. பள்ளி செல்லாத ஒருவர் 115 நாவல்கள் எழுதினார்; பத்து வகுப்புப் படித்த நான் இந்த ஒரு கட்டுரைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டேன்.

இந்நூல்கள் வாசகரைச் சென்றடைந்த விதத்தில் நம் இரயில்வேக்கும் பங்குண்டு. அதைச் சொல்லாமல் விட ஓர் இரயில்வேக்காரனுக்கு மனம் வராது. வி.பி.பி. முறை இந்தியத் தபால் இலாகாவில் 1877இல் ஏற்பட்டது. அதே 1877இல்தான் அலகாபாத்தில் வீலர் கம்பெனி தோன்றி நிலையங்களில் புத்தகக் கடை வைக்கலாயிற்று. 1888இல் அவர்களே ஒரு ரூபாய் விலையில் இரயில்வே நூல் வரிசை ஒன்றை வெளியிட்டனர். அதில் வந்த முதல் ஆறு நூல்களும் ரட்யார்ட் கிப்ளிங் எழுதியவை. தெற்கே அப்பணியை ஹிக்கின்பாதம்ஸ் செய்தது. பிரயாணி ஒருவன் வண்டி ஏறும்போது வாங்கி, இறங்குவதற்குள் முடிக்கத்தக்க நூல் என்பது அவ்வாறு உருவாயிற்று. சிற்றூரில் இருந்தவனோ பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு ஒரு கார்டு எழுதிப் போட்டால், தபால்காரர் நூலைக் கையில் கொடுத்துப் பணம் பெற்றுச் செல்வார். ஊரில் எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்து கேட்ட காலமும் அது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்னும் நூலில் இக்காலத்தைத் தக்க சான்றுகளோடு ஆராய்ந்துள்ளார். நம் நூலகத்தில் அந்நூல் இருக்கிறது. ஆராய்ச்சி நூலை வைத்துக்கொண்டோம். ஆராயப்பட்ட நூல்களை எடைக்குப் போட்டோம்.

அறிஞர்கள் இவற்றை இகழ்ந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. கதையை வெள்ளைக்காரனிடம் எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டனர் என்றனர். அது பல இடங்களில் உண்மையே. இளைஞரையும் பெண்களையும் கெடுக்கும் என்றனர். அதை நான் ஒப்பவில்லை. நடை கொச்சை, வருணனை மிகை என்றனர். ஆம், இருபது பக்கத்திற்கு ஒரு முறை கதாநாயகி மூர்ச்சை அடைகிறாள். ஆயினும் ஒன்று கேட்கிறேன். பின்னாளில் நல்ல இலக்கியம் எழுதியவர்க்கு வாசகர் எங்கிருந்து வந்தனர்? அச்சடித்த தமிழைக் கையில் எடுத்து, இறுதிப் பக்கம்வரை விடாமல் படிக்கும் பழக்கத்தை மக்களிடையே உண்டாக்கியவர்களுள் ரங்கராஜுவுக்கும் வடுவூராருக்கும் பெரும் பங்குண்டு.

1942ஆம் ஆண்டு. ஜப்பானியர் குண்டு வீசுவர் என்றஞ்சிச் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தனர். அவ்வாண்டில் ‘ஆனந்த விகட’னில் தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை எழுதத் தொடங்கினார். தேவன் என்பது ஆர். மகாதேவனின் புனைபெயர். அதுவரை வந்த துப்பறிவோர் அனைவரும் அறிவிற் சிறந்தோர், அழகர், அஞ்சாநெஞ்சர். சாம்புவோ நாற்பது வயதைக் கடந்த ஒரு பாங்க் குமாஸ்தா. நீண்ட மூக்கு, அசட்டுப் பார்வை. அவர் ஒன்று செய்யப் புகுந்தால் வேறொன்று நிகழும். அவ்வேறொன்றில் திருடன் அகப்பட்டுக்கொள்வான். உலகம் சாம்புவின் மதிநுட்பத்தை வியக்கும். சிரிக்க வைப்பதற்காக எழுதிய கதைகளே. எனினும் நாற்பதைக் கடந்த குமாஸ்தாக்களுக்கு இக்கதைகளில் ஒரு தனி ஆறுதல் உண்டு என்பதை அனுபவத்தால் சொல்கிறேன். தேவன் 1957இல், நாற்பத்து நான்காம் வயதிலேயே மறைந்தது தமிழின் நட்டம்.

அடுத்து வந்தவர் தமிழ்வாணன். ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியர். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் அணிந்த அவர் உருவம் மூத்தோர் நினைவில் இருக்கும். அவர் படைத்த சங்கர்லால் நாடு விடுதலை பெற்ற பின் பிறந்த துப்பறிவாளர். விமானத்தில் ஏறி அயல்நாடுகளுக்குச் செல்வார்; அங்குள்ள காவல் அதிகாரிகள் எழுந்து நின்று வரவேற்பர். எந்நேரமும் தேநீர் அருந்துவார். மாது, கத்தரிக்காய், இன்ஸ்பெக்டர் வகாப் எனத் துணைவர் உண்டு. தமிழ்வாணனின் நடையைப் பற்றித்தான் நான் முதன்மையாகச் சொல்ல வேண்டும். சிறு சிறு வாக்கியங்கள். எளிய, தூய தமிழ். இயன்றவரை பிறமொழிச் சொல் கலவாது எழுதினார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

அவ்வாறு எழுத்துக் கூட்டிப் படித்தவன் நானே. ஐந்து வயதில் பெற்றோருடன் இவ்வூர் வந்தேன். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தெருவில் வங்காளமும் தெலுங்கும். வீட்டில் மட்டும் தமிழ். பேசத் தெரிந்ததே தவிர எழுத்துத் தெரியாது. தாயார் மாலைதோறும் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு மன்றாடுவார்; நான் மைதானத்திற்கு ஓடிவிடுவேன். ஆண்டுக்கொரு முறை பாஸில் ஊர் சென்று மெயிலில் திரும்புவோம். அப்படித் திரும்பிய ஓர் ஆண்டில், சென்னை சென்ட்ரலில் தந்தையார் ஒரு முத்து காமிக்ஸ் வாங்கிக் கையில் கொடுத்தார். இரும்புக்கை மாயாவியின் கதை. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸின் முதல் இதழே இம்மாயாவியின் கதைதான் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆங்கிலச் சித்திரக்கதையின் தமிழாக்கம். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். படத்தைப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிற்று. மீதிப் பாதிக்கு எழுத்துத் தெரிந்தாக வேண்டும். தாயாரோ, ‘நான் படித்துச் சொல்ல மாட்டேன், நீயே படித்துக்கொள்’ என்று சொல்லிவிட்டார். கூடூர் கடந்து நெல்லூர், விஜயவாடா, வால்டேர் என வண்டி வந்துகொண்டிருந்தது. குர்தா ரோடு வருவதற்குள் நான் ஒரு பக்கம் படித்துவிட்டேன். அதன்பின் அரிச்சுவடி தேவைப்படவில்லை.

மாயாவிக்குப் பின் சங்கர்லால், சங்கர்லாலுக்குப் பின் மாத நாவல்கள். 1969இல் ‘ராணிமுத்து’ தொடங்கி, குறைந்த விலைக்கு ஒரு முழு நாவல் என்னும் முறை தமிழில் வேரூன்றியிருந்தது. பின்னர் மாலைமதி, பாக்கெட் நாவல் எனப் பல கிளைத்தன. கோயம்புத்தூரின் ராஜேஷ்குமார் எழுதியவை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், நண்பர் இருவர் இணைந்து சுபா என்னும் பெயரில் எழுதிய கதைகளின் நரேந்திரனும் வைஜெயந்தியும் நம் காலனியில் எத்தனை வீடுகளுக்குள் சென்று வந்தனர்! ஒரே பிரதி. ஒரு மாமி படித்து முடித்தால் அடுத்த குவார்ட்டர்ஸுக்குப் போகும். சுற்றி வரும்போது அட்டை இராது. சில வேளை கடைசிப் பக்கமும் இராது. கொலையாளியை மாமியே சொல்லிவிடுவார். அந்நூல்களின் அட்டைப்படங்கள் நல்லனவல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அவற்றிற்குக் காலண்டர்த் தாளில் அட்டை போட்டுவிடுவர்.

சுஜாதாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் வெளிமாநிலத் தமிழர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. எஸ். ரங்கராஜன் என்ற அவர் திருவரங்கத்தில் வளர்ந்தவராயினும் உத்தியோக நிமித்தம் டில்லியிலும் பின்னர் பெங்களூரிலும் வாழ்ந்தவர். நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவர். 1968இல் ‘குமுத’த்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் வழக்கறிஞர் கணேஷ் தோன்றினான். தொடக்கக் கதைகளில் கணேஷ் தொழில் நடத்தியது டில்லியில். தமிழ்க் கதாநாயகன் ஒருவன் தமிழ்நாட்டிற்கு வெளியே வீடு பிடித்து, இந்திக்காரருக்கு நடுவே பிழைப்பு நடத்துவதை அதற்குமுன் நான் படித்ததில்லை. பின்னர் வசந்த் வந்து சேர்ந்தான். இருவரும் சென்னைக்கும் போய்விட்டனர். எனக்கு அதில் சிறிது வருத்தமே.

துப்பறியும் கதையிலிருந்து விஞ்ஞானக் கற்பனைக்குப் பாலம் அமைத்தவரும் அவரே. ‘கொலையுதிர் கால’த்தில் வசந்த் பேய் என்பான், கணேஷ் விஞ்ஞானம் என்பான், வாசகன் நடுவே நின்று தவிப்பான். எண்பதுகளில் ‘ஆனந்த விகட’னில் வந்த ‘என் இனிய இயந்திரா’ முழுமையான விஞ்ஞானக் கற்பனை. 2021ஐ ஒட்டிய காலத்தில் நிகழ்வதாக அமைந்தது. மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேற்படலாகாது. குழந்தை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படித்து, மனிதரைக் காட்டிலும் தெளிவாகச் சிந்திக்கும். இது சென்னைத் தொலைக்காட்சியில் தொடராகவும் வந்தது. நமக்கு அந்நாளில் இங்கே சென்னை நிலையம் கிடைக்கவில்லை. பைண்டு செய்த தொடரைத்தான் படித்தோம். அவர் குறித்த ஆண்டு வந்து சென்றுவிட்டது. அன்று கதையாகத் தோன்றிய பேசும் இயந்திரம் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருந்துகொண்டு கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறது. சுஜாதா அதைக் காணவில்லை, 2008இல் மறைந்தார்.

இனி நாம் வாழும் இவ்வங்காள நாட்டுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் வங்காள நண்பர் ஒருவர் உளர். என்னினும் மூத்தவர், தாதா என்றே அழைப்பேன். அவர் இல்லத்திற்குச் சென்றபோது கண்ணாடி அலமாரியைக் கண்டேன். மேல்தட்டில் தாகூர். அதே தட்டில், அவர் நூல்களுக்கு அடுத்தாற்போல், சரதிந்து பந்தோபாத்யாய எழுதிய வ்யோம்கேஷ் கதைகள். அதற்கும் அடுத்து சத்யஜித் ராயின் ஃபெலுதாவும் பேராசிரியர் ஷங்குவும். தாதா பெருமையோடு கணக்குச் சொன்னார். வ்யோம்கேஷ் தோன்றியது 1932இல். பிரேமேந்திர மித்திரரின் கனாதா 1945இல். ஷங்கு 1961இல், ஃபெலுதா 1965இல். இவற்றிற்கெல்லாம் முன்னதாகக் கல்கத்தாப் போலீஸில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய தம் அனுபவங்களையே ‘தாரோகார் தப்தர்’ என எழுதினாராம். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1896இல் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி வைத்த போட்டிக்கு ஒரு கதை எழுதிப் பரிசு பெற்றார் என்றும் சொன்னார். கடலில் எழுந்த புயலை ஒரு புட்டித் தைலம் அடக்குவதாகக் கதை! அதைச் சொல்லும்போது அவர் நகைத்தாரே தவிர நாணவில்லை. போஸின் பெருமைக்கு அதனால் குறைவு நேர்ந்துவிட்டதாக எந்த வங்காளியும் கருதவில்லை.

பிறகு தாதா என்னைக் கேட்டார்: ‘உங்கள் மொழியில் இப்படி யாரேனும் உண்டா?’ அன்பர்களே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘எங்களிடம் திருக்குறள் இருக்கிறது, சிலப்பதிகாரம் இருக்கிறது’ என்றேன். கேட்ட கேள்விக்கு அது விடையன்று. கோவிந்தனையும் சாமியாரையும் சாம்புவையும் சங்கர்லாலையும் கணேஷையும் அறிந்த வாயால் அவர்களில் ஒருவரையும் சொல்ல வரவில்லை. சென்னை பிளாஃப்ட் பதிப்பகத்தார் 2008இல் தமிழ் மாத நாவல் கதைகளைத் தொகுத்து, பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியிட்டனர். தமிழ் அறியாதவர் அந்நூலை விலை கொடுத்து வாங்கிப் படித்து மகிழ்ந்தனர். தாதாவுக்கு அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செயற்குழுக் கூட்டத்திலும் நிகழ்ந்தது இதுவே. ‘இவற்றை யார் படிக்கிறார்கள்?’ என்று தலைமை வகித்தவர் பொதுவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பட்டம் பெற்றவர்கள் சுற்றி அமர்ந்திருந்தனர். ‘நான் படிக்கிறேன், எனக்குத் தமிழ் எழுத்து வந்ததே இவற்றால்தான்’ என்று எழுந்து சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. எல்லோரும் கை தூக்கினர், நானும் தூக்கினேன். சாக்குகளைக் கட்டி ரிக்ஷாவில் ஏற்றியவர்களுள்ளும் நான் ஒருவன். தந்தையார் மறைந்த பின் தாயார் தம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பைண்டு தொகுதிகளை நூலகத்திற்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தார் என்பது எனக்கு நினைவிருந்தது. அவை எந்தச் சாக்கில் உள்ளன என்று நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் சென்ற பின் தாயார் ‘மேனகா’வை எடுத்து வரச் சொன்னார். பாட்டியார் படித்த அதே பிரதி. இறந்தவர் கையை அது அறியும். மறுநாள் பணி முடிந்து காகிதக் கடைக்குச் சென்றேன். இரண்டு சாக்குகள் ஏற்கெனவே ஆலைக்குப் போய்விட்டன. மூன்றாவதைக் கடைக்காரர் அவிழ்த்துக் கொட்டினார். பொட்டலம் மடிக்கப் பாதி கிழிபட்டிருந்தது. எடைக்குப் போட்ட விலையைப்போல் இருமடங்கு கொடுத்து, முழுதாய்க் கிடைத்த ஒன்பது நூல்களை வாங்கி வந்தேன். அவற்றுள் ‘துப்பறியும் சாம்பு’ பைண்டு ஒன்று எங்கள் வீட்டினது. உள்ளட்டையில் தாயாரின் கையெழுத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் எண் இருக்கிறது. ‘மேனகா’ அகப்படவில்லை. நூலகத்தில் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று தாயாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இம்மலரை அவர் படிப்பார். ஆகவே அப்பொய்யும் இத்துடன் முடிகிறது.

நடந்தவற்றைச் செயற்குழுவில் எடுத்துரைத்தேன். பெரியோர் பொறுமையுடன் கேட்டு, அலமாரியின் கீழ்த்தட்டை இவ்வகை நூல்களுக்கென ஒதுக்க இசைந்துள்ளனர். அதில் தற்போது அந்த ஒன்பது நூல்களும், வங்காள நண்பர் மனமுவந்து அளித்த வ்யோம்கேஷ் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் உள்ளன. பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய தொடர்கதைப் பைண்டுகள், மாத நாவல்கள், காமிக்ஸ் புத்தகங்கள் வைத்திருப்போர், அட்டை இல்லாவிடினும் கடைசிப் பக்கம் இல்லாவிடினும் கொண்டு வந்து தரலாம். நூலகம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை திறந்திருக்கும். சாவி என்னிடம் உள்ளது. வடுவூராரின் ‘மேனகா’ எந்தப் பதிப்பாயினும் ஒருவரிடம் இருப்பின், நூலகத்திற்குத் தரும் முன் எனக்கு ஒரு வாரம் இரவலாகத் தந்துதவ வேண்டுகிறேன்.